அரைக்காசு உத்தியோகமும் தொலைபேசி இலாகாவும்

மலர்க் குழு நண்பர்கள் வீட்டுக்கு வந்து, "நீங்கதான் சரித்திர வாத்தியார், மலருக்கு ஏதாவது சரித்திரம் எழுதிக் கொடுங்க" என்றார்கள். சித்தன்னவாசல், குடுமியான்மலை, தொண்டைமான் மன்னர்கள் என்று எழுத நம்மில் வல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. நம்மோடு மன்னர் கல்லூரி வராந்தாவில் உட்கார்ந்து அரட்டை அடித்தவர்களின் வாழ்க்கையில் நடந்த சரித்திரம் ஒன்று இருக்கிறது. தொலைபேசி இலாகாவின் சரித்திரம் அது. நம் செட்டில் மட்டும் நாலைந்து பேர் அந்த இலாகாவுக்குப் போனார்கள்.

"அரைக்காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம்" என்ற பழமொழி தமிழ்நாடு முழுக்க உண்டு. ஆனால் அரைக்காசையும் அரண்மனையையும் நேரில் பார்த்த ஊர் நம் ஊர். சமஸ்தானம் அச்சிட்ட அம்மன் காசை நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து வழங்கியதும், அதனாலேயே திருக்கோகர்ணம் பிரகதாம்பாளுக்கு அரைக்காசு அம்மன் என்று பெயர் வந்ததும் எல்லோரும் அறிந்தது. 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அரண்மனை போயிற்று, அந்த மனப்பான்மை போகவில்லை. போகவும் வழியில்லை. வானம் பார்த்த பூமி, கண்மாய் நிறைந்தால் சோறு. பெரிய ஆலை வேண்டுமென்றால் திருவெறும்பூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். 1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமான பிறகும் பட்டம் வாங்கிய பையனுக்குப் பெரியவர்கள் சொன்ன புத்தி ஒன்றுதான்: "சர்க்கார் உத்தியோகத்துல ஒட்டிக்கடா."

அப்படி ஒட்டிக்கொள்ள ஏற்ற இடமாகத் தபால் தந்தி இலாகா இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண்ணைப் பார்த்தே டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு ஆள் எடுத்த காலம் அது. டிரங்க் போர்டில் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகைக் கால்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சொந்தபந்தம் இருக்கும் நம் பக்கத்து வீடுகளில் ஒரு நல்லது கெட்டது என்றால், அந்த ஆபரேட்டரின் குரல்தான் முதலில் கேட்கும். பெண் பார்க்கும் இடத்தில் "மாப்பிள்ளை டெலிபோன்ஸ்ல இருக்கார்" என்றால் மேற்கொண்டு கேள்வி கிடையாது.

இந்தப் பாதுகாப்பு சும்மா வந்ததல்ல. இதை இளைய தலைமுறைக்குச் சொல்லியாக வேண்டும். 1946 ஜூலையில் தபால் தந்தி ஊழியர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1968 செப்டம்பர் 19 அன்று மத்திய அரசு ஊழியர்கள் தேவைக்கேற்ற குறைந்தபட்ச ஊதியம் கேட்டு ஒரே ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கே அவசரச் சட்டம், கைது, வேலைநீக்கம், பட்டான்கோட்டில் துப்பாக்கிச் சூடு. கம்பம் நட்டு, பள்ளம் தோண்டிய தினக்கூலி மஸ்தூர்கள் ஆண்டுக்கணக்கில் நிரந்தரமாகாமலே கிடந்தார்கள். 1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1989-இல் திட்டம் வந்த பிறகுதான் அவர்களுக்குத் தற்காலிக அந்தஸ்தும் பிறகு நிரந்தரமும் கிடைத்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆர்.டி.பி. என்று ஒரு கூட்டம் இருந்தது. தேர்வாகி, பயிற்சி முடித்து, மணிக்கணக்குக் கூலிக்கு வேலை பார்த்துக்கொண்டே நிரந்தரத்துக்குக் காத்திருந்தார்கள். ஆக, 'பெர்மனென்ட்' என்ற அந்த வார்த்தைக்குப் பின்னால் நிறையப் பேருடைய வியர்வை உண்டு.

இனி நான் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். இயந்திரம் வந்தால் ஆளுக்கு வேலை போகும் என்பார்கள். தொலைபேசி இலாகாவில் நடந்தது வேறு. ஸ்ட்ரௌஜர் என்ற கடகட இயந்திரம் போய் கிராஸ்பார் வந்தது. கிராஸ்பார் போய் எலெக்ட்ரானிக் வந்தது. 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம், தூசியும் வெயிலும் தாங்குகிற, ஏர்கண்டிஷன் கேட்காத 128 இணைப்பு கிராமத் தொலைபேசி நிலையத்தைச் செய்து கொடுத்தது. சாம் பித்ரோடாவின் பெயரைப் பெட்டிக்கடைக்காரர்கூடச் சொன்ன காலம். தெருமுனை எங்கும் மஞ்சள் எழுத்தில் எஸ்.டி.டி. பூத் வந்தது. டிரங்க் போர்டு மௌனமாகிவிட்டது. ஆனால் டிரங்க் போர்டு ஆபரேட்டர் வீட்டுக்குப் போகவில்லை. பயிற்சி கொடுத்து பில் பிரிவுக்கோ வாடிக்கையாளர் சேவைக்கோ மாற்றினார்கள். 2013 ஜூலையில் தந்தி சேவையே முடிந்தபோதும், மிச்சமிருந்த தந்தி ஊழியர்களை மற்ற பிரிவுகளுக்குத்தான் அனுப்பினார்கள். எத்தனை இயந்திரம் மாறியும் ஒருவரையும் வெளியே தள்ளாத இலாகா அது. பின்னால் தள்ளியது கணக்குப் புத்தகம்.

1985-இல் தபால் வேறு, தொலைத்தொடர்பு வேறு என்று பிரித்தார்கள். 1994-இல் புதிய கொள்கை வந்தது. 1995 ஜூலை 31-இல் கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு, டில்லியில் இருந்த சுக்ராமோடு கைப்பேசியில் பேசினார். அந்த முதல் கைப்பேசி அழைப்பே தனியார் வலையில் போனதுதான். 2000 அக்டோபர் 1-இல் இலாகா, பாரத் சஞ்சார் நிகாம் லிமிடெட் என்ற கம்பெனி ஆனது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஒரு ராத்திரியில் சர்க்கார் ஆள் என்பதிலிருந்து கம்பெனி ஆள் ஆனார்கள். அதற்கு முந்தைய மாதம் அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், அரசு பென்ஷனுக்கும் வேலைக்கும் உத்தரவாதம் கொடுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். பென்ஷன் விதிகளில் 37-ஏ என்று தனிப் பிரிவே சேர்த்தார்கள். "கம்பெனின்னா என்ன, பென்ஷன் கவர்மென்ட் பென்ஷன்தான்" என்று நம் நண்பர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

முதல் ஆண்டுகள் நன்றாகவே போயின. 2002 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். கைப்பேசி வந்தபோது சிம் கார்டு வாங்க வரிசை நின்றது. 2004-05-இல் லாபம் 10,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அடேயப்பா என்று வாய் பிளந்தோம். ஐந்தே வருடத்தில், 2009-10-இல், 1,800 கோடிக்கு மேல் நஷ்டம். நடுவில் என்ன ஆயிற்று?

"எல்லாம் அந்த ஆளுங்க வேலை செய்யாததுதான்" என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்வார்கள். அதில் கொஞ்சமும் உண்மை இல்லை என்று நான் வாதாட மாட்டேன். போனுக்கு மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த தலைமுறை நாம். லைன்மேன் வரவை மழையை எதிர்பார்ப்பதுபோல எதிர்பார்த்ததும் உண்டு. ஆனால் அந்த ஆட்களேதான் 2004-05-இல் லாபம் சம்பாதித்துக் கொடுத்தவர்கள். கைப்பேசிக் கருவிகள் வாங்க 2006-இல் போட்ட மாபெரும் டெண்டர் வழக்கில் சிக்கிச் சுருங்கியது. அடுத்துப் போட்ட 9 கோடியே 30 லட்சம் இணைப்புகளுக்கான டெண்டர் ரத்தானது. ஊரெல்லாம் கைப்பேசி பரவிய அந்த வருடங்களில் இந்தக் கம்பெனிக்குக் கருவி இல்லை. கிராமத்துத் தரைவழித் தொலைபேசியின் நஷ்டத்தை ஈடுகட்டக் கிடைத்துவந்த கட்டணத்தை 2008-இல் நிறுத்தினார்கள். 2010-இல், ஏலத்தில் கலந்துகொள்ளாத இந்தக் கம்பெனி, ஏலத்தில் ஏறிய விலைப்படி அலைக்கற்றைக்கு சுமார் 18,500 கோடி கட்டியது. கையிருப்பு கரைந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து விலையைத் தரைமட்டமாக்கியபோது மற்றவர்களிடம் 4ஜி இருந்தது, இவர்களிடம் இல்லை.

2019 பிப்ரவரி 18 முதல் 20 வரை மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள், அது வழக்கமான கோரிக்கைதான். கூடவே, 'எங்கள் கம்பெனிக்கு 4ஜி அலைக்கற்றை கொடு' என்றும் கேட்டார்கள். முதலாளிக்கு யந்திரம் வாங்கிக் கொடு என்று தொழிலாளி கொடி பிடித்ததை நான் படித்த தொழிற்சங்கச் சரித்திரத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த மாதச் சம்பளம் தேதிக்கு வரவில்லை, மார்ச் நடுவில்தான் வந்தது.

இதற்கு மூன்று மாதம் முன்னால்தான், 2018 நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் நம் மாவட்டத்தைச் சூறையாடியிருந்தது. கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கம் தென்னையும் பலாவும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கரண்டு கம்பம், கோபுரம், கேபிள் எல்லாம் போய், பிள்ளைகள் வெளியூரிலிருந்து அடித்த போன் பெற்றோருக்குச் சேரவில்லை. அன்று அந்தக் கேபிளைத் தூக்கிக் கட்ட ஆள் வேண்டியிருந்தது.

2019 அக்டோபர் 23-இல் மத்திய அமைச்சரவை சீரமைப்புத் திட்டம் அறிவித்தது. 4ஜி உண்டு, கூடவே வி.ஆர்.எஸ். உண்டு. 50 வயது நிறைந்தவர்கள் நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை விருப்பம் தெரிவிக்கலாம். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 35 நாள் சம்பளம், மிச்சமிருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 25 நாள் சம்பளம், அதற்கும் ஓர் உச்சவரம்பு. பென்ஷன் அப்போதே தொடங்கும், ஆனால் கம்யூட்டேஷன் 60 வயதுக்குப் பிறகுதான். காரணமாகக் காட்டியது, வருமானத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு சம்பளத்துக்கே போகிறது என்ற கணக்கு. வருமானம் ஏன் குறைந்தது என்பது அந்தக் கணக்கில் வராது.

நம் செட்டுக்கு அப்போது ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயது. அந்த ஒரு மாதமும் எனக்கு போன் மேல் போன். "நீ போறியா? நான் போகட்டுமா?" இதே பேச்சு. போகாதவர்களுக்கு ஓய்வு வயது 58 ஆகிவிடும், தூரத்துக்கு மாற்றல் வரும், சம்பளமே வராது என்றெல்லாம் பேச்சு அடிபட்டது. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்தவர் ஒருவர் காகிதத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு முதல் வாரமே விருப்பம் கொடுத்தார். இன்னொருவர் கடைசி நாள் ராத்திரிவரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, கொடுக்காமலே எழுந்தார். "முப்பத்தஞ்சு வருஷம் போன வழியில திரும்பிக்கூடப் பார்க்காம போகச் சொல்றியா" என்று என்னிடம் கேட்டார். நான் என்ன பதில் சொல்ல முடியும்? எங்கள் வாத்தியார் வேலையில் அப்படி ஒரு கேள்வி வரவேயில்லை.

78,569 பேர் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். கம்பெனியின் ஊழியரில் பாதிக்கும் மேல். நாடு முழுக்க ஒரே சாயங்காலத்தில் மாலையும் சால்வையுமாக விடைகொடுப்பு நடந்தது. இரண்டு மாதத்துக்குள் கொரோனா ஊரடங்கு வந்தது. வீட்டிலிருந்தே எல்லோரும் பேசிய, படித்த, வேலை பார்த்த அந்தக் காலத்தில் தொலைபேசிக்காரர்களும் வீட்டில்தான் இருந்தார்கள்.

அவர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டார்களா? சட்டப்படி இல்லை. பணம் வந்தது, பென்ஷன் வருகிறது, 2000-இல் கொடுத்த வாக்கில் பென்ஷன் பாதி காப்பாற்றப்பட்டது. உண்மையில் வெறுங்கையோடு போனவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். 2019-இல் அவர்களுக்கு மாதக்கணக்கில் கூலி பாக்கி. ஆட்குறைப்பு வந்தபோது அவர்களுக்கு விருப்பப் படிவமும் இல்லை, சால்வையும் இல்லை. 78,569 என்ற எண்ணிக்கையில் அவர்களில் ஒருவரும் சேரவில்லை. 1987 தீர்ப்பினால் முந்தைய தலைமுறை மஸ்தூர்களுக்குக் கிடைத்தது இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

வெளியுலகத்திலும் இதே கதைதான். ஆயுள்காலம் முழுக்க வேலை என்று பெயர் வாங்கிய ஐ.பி.எம். 1993-இல் ஆயிரமாயிரமாய் ஆட்களைக் குறைத்தது. அமெரிக்காவின் பழைய தொலைபேசிக் கம்பெனியான ஏ.டி. அண்டு டி. 1996 ஜனவரியில் 40,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நம் பிள்ளைகளுக்கு அடுத்த 'அரண்மனை'யாக இருந்த டி.சி.எஸ். 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், பி.எஸ்.என்.எல்.லுக்கு உள்நாட்டு 4ஜி வலையை அமைத்துக் கொடுத்த கூட்டணியில் அதே டி.சி.எஸ்.ஸும், நம் பழைய சி-டாட்டும் உண்டு. 2024-25-இன் மூன்றாம் காலாண்டில் 262 கோடி லாபம், பதினேழு வருடத்தில் முதல் லாபம் என்று 2025 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. அந்த 4ஜி சேவையைப் பிரதமர் 2025 செப்டம்பர் 27-இல் ஒடிசாவில் தொடங்கி வைத்தார். சுமார் 97,500 கோபுரங்கள் என்றார்கள். 2019-இல் கொடி பிடித்துக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அதை வீட்டில் டி.வி.யில்தான் பார்த்திருப்பார்கள்.

விருப்பம் கொடுக்காத நண்பர் 60 வயதுவரை இருந்துவிட்டு ஓய்வு பெற்றார். கொடுத்தவர் மகளுக்குக் கல்யாணம் முடித்து, பேரன் எடுத்துவிட்டார். இரண்டு பேரும் இந்தச் சந்திப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மலரின் கடைசிப் பக்கங்களில் முகவரிப் பட்டியல் இருக்கிறது. பழைய பட்டியலில் 04322 என்று தொடங்கிய எண்கள் பலவும் இப்போது இல்லை. கைப்பேசி எண்ணை இதுவரை கொடுக்காதவர்கள் வரவேற்பு மேஜையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.