ஊசுட்டேரிக் கரையில் ஒரு முக்காலி

பொங்கல் விடுமுறையில் நானும் இரண்டு நண்பர்களும் ஊசுட்டேரிக்குப் பறவை எண்ணப் போயிருந்தோம். வில்லியனூரைத் தாண்டி பத்துக்கண்ணு பக்கம் போனால் ஏரிக்கரை வந்துவிடும். இரவல் வாங்கிய ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் இருந்தது (ஒற்றைக் கண்ணால் பார்க்கிற தொலைநோக்கி, பெட்டியின் மேல் மான் படம் போட்டு வேட்டைக்காரர்களுக்கு என்றே விற்கிறார்கள்). அதை நிறுத்த நான் 900 ரூபாய்க்கு வாங்கிய ட்ரைபாட். ஒரு கிலோ கூட இல்லை, மடக்கினால் பைக்குள் போய்விடும். பெருமையாகத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, துப்பாக்கிக்கு ஸ்டாண்டா?" என்று கேட்டார். "இல்லீங்க தாத்தா, பறவை பாக்கறதுக்கு" என்றேன். "அந்தக் காலத்துல இங்க சுடறதுக்குத்தான் வருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் என் பெருமையும் போய்விட்டது. ஏரிக்காற்றில் முக்காலி நடுங்க, உள்ளே தெரிந்த நாமக்கோழிகள் எல்லாம் ஒன்று இரண்டாகத் தெரிந்தன. ஒரே கூட்டத்தை நான் எண்ணினால் 140, நண்பன் எண்ணினால் 210. எதை எழுதுவது? கடைசியில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தோம். கணக்கில் கோடு போடுவது பி.காம். படிக்கிறவனுக்கு அழகே இல்லை :-)

நம் பகுதியில் இந்த ஜனவரிக் கணக்குகள் விளையாட்டு இல்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் நடக்கிறது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-இல் தொடங்கியது. ஒரு ஏரி பிழைத்திருக்கிறதா, செத்துக்கொண்டிருக்கிறதா என்பதற்கு இந்த எண்கள்தான் சாட்சி. ஒரு நடுங்கும் முக்காலி அந்தச் சாட்சியைக் கெடுத்துவிடும். சரி, எடை குறைந்த நல்ல முக்காலியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தேட ஆரம்பித்தேன். தேடல் என்னை 250 வருடம் பின்னால் கொண்டுபோய் விட்டது.

மூன்று கால் ஏன்?

அடுப்புக்கு மூன்று கல் கூட்டிய நம் பாட்டிகளுக்குத் தெரிந்த விஷயம்தான். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நாலு கால் பெஞ்சு மேடு பள்ளத்தில் தடதடக்கும். முக்காலி எங்கே வைத்தாலும் உட்கார்ந்துவிடும்.

ஆனால் சாயாமல் நிற்பது வேறு, நடுங்காமல் நிற்பது வேறு. ஸ்கோப்பை 30 மடங்கில் வைத்தால் பறவை மட்டும் 30 மடங்கு பெரிதாவதில்லை, நடுக்கமும் 30 மடங்காகிறது. கருவி 0.1 டிகிரி ஆடினால் கண்ணுக்கு 3 டிகிரி ஆடியது போலத் தெரியும். முழு நிலவின் அகலம் சுமார் அரை டிகிரி. அப்படியானால் ஆறு நிலவு அகலத்துக்குப் பறவை குதிக்கிறது! இதில் எங்கே எண்ணுவது?

தரை கிடைக்காத பிரெஞ்சுக்காரர்

அசையாத தரை இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு சோகக் கதை இருக்கிறது. கியோம் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனை வெள்ளி கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து அளக்க 1760-இல் கப்பல் ஏறினார். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட அந்த அளவு தேவை. பல நாட்டு அறிஞர்கள் பல ஊர்களுக்குப் போனார்கள். இவருக்கு விழுந்த சீட்டு நம்மூர்.

ஆனால் 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். மாஹே அருகே வந்தபோதுதான் அவருக்குச் செய்தி தெரிந்தது. கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று வெள்ளி சூரியனைக் கடந்தபோது லெ ஜாந்தி நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவாக இருந்தது. கருவிகளும் கையில் இருந்தன. ஆனால் ஆடுகிற கப்பல் தட்டில் தொலைநோக்கியும் நிற்காது, ஊசல் கடிகாரமும் சரியாக ஓடாது. பார்த்தார், ஆனால் அளக்க முடியவில்லை. எங்கள் ஏரிக்கரைக் கோடு மாதிரியேதான்!

அடுத்த வாய்ப்பு எட்டு வருடம் கழித்து. மனிதர் ஊருக்குத் திரும்பாமல் இந்தியப் பெருங்கடல் பகுதியிலேயே தங்கிவிட்டார். 1763 உடன்படிக்கைப்படி புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பிய பிறகு, 1768-இல் வந்து இறங்கினார். இந்தத் தடவை அவர் தவறு செய்யவில்லை. இடிந்து கிடந்த கோட்டையின் இடிபாடுகள் மேலேயே கண்காணிப்பு மேடை கட்டிக்கொண்டார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள் நல்ல தொலைநோக்கி ஒன்றை இரவலாக அனுப்பிவைத்தார்கள். தரை அசையவில்லை, கருவி அசையவில்லை. 1769 ஜூன் 4 காலையில் மேகம் வந்து மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகுதான் சூரியன் வெளியே வந்தது. 1771-இல் பாரீஸ் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக நினைத்து உறவினர்கள் சொத்தைப் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேகம் நம் கையில் இல்லை. தரை நம் கையில் இருக்கிறது. அந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்.

அரை டன் நிதானம்

அடுத்த கதை பாகூர்க்காரர்களுக்குப் பக்கத்துக் கதை. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து நில அளவைப் பணியைத் தொடங்கினார். பின்னாளில் 'மாபெரும் முக்கோண அளவை' என்று பெயர் பெற்றது இதுதான். அவருடைய முதல் தீர்க்கரேகை வில்லின் தெற்கு முனை எது தெரியுமா? கடலூர் அருகே உள்ள திருவந்திபுரம். பாகூரிலிருந்து பைக்கில் போய்வரக்கூடிய தூரம்.

அவருடைய பெரிய தியோடலைட் கருவியின் எடை சுமார் அரை டன். அந்தக் காலத்தில் நடுக்கத்துக்குத் தெரிந்த மருந்து எடைதான். ஆனால் எடைக்கு விலை உண்டு. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அந்தக் கருவியைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். உயரத்தில் ஏற வேண்டும், பாரமும் வேண்டும் என்றால் இப்படித்தான்.

படுத்துக்கொண்டு பார்த்தவர்கள்

வேட்டைக்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மலைகளில் மான் தேடியவர்கள், ஒன்றுக்குள் ஒன்று மடங்கும் பித்தளைத் தொலைநோக்கியை வைத்திருந்தார்கள். முக்காலி கிடையாது. மல்லாந்து சாய்ந்து, முழங்காலை மடக்கி, அதன்மேலோ கைத்தடியின் மேலோ குழாயைச் சாய்த்துப் பார்ப்பார்கள். முதுகு, கால், தடி. தூக்கிச் செல்லும் கூடுதல் எடை கிட்டத்தட்டப் பூஜ்யம். இவர்களைத் திரட்டித்தான் 1900-இல் லவாட் பிரபு போயர் போருக்காக 'லவாட் ஸ்கவுட்ஸ்' படையை உருவாக்கினார். முதல் உலகப் போரிலும் எதிரியின் பதுங்குகுழியைக் கண்காணிக்க இவர்களின் தொலைநோக்கிக் கண்கள் பயன்பட்டன.

1894-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் பிரிசம் வைத்த பைனாகுலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீளமான குழாய் கைக்கடக்கமாகச் சுருங்கியது. முக்காலி சுருங்கக் கிட்டத்தட்ட இன்னும் நூறு வருடம் ஆனது. 1994-இல் கிட்சோ நிறுவனம் கார்பன் ஃபைபர் முக்காலியைக் கொண்டுவந்தபோதுதான் எடை குறைந்தும் விறைப்பு குறையாத கால்கள் கிடைத்தன. மலை ஏறுகிற வேட்டைக்காரர்களும் பறவை பார்ப்பவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

சுடுவதிலிருந்து எண்ணுவதற்கு

பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊர் மக்கள் முறையிட, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் ஏரியைக் காக்கும் உரிமையை எழுதிக்கொடுத்தார். சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் சுட்ட ஒரு குருவிதான் அவரைப் பறவையியலுக்கு இழுத்து வந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் வாங்கி வேட்டையாடலாம் என்று மிச்சமிருந்த வழியையும் 1991 திருத்தம் அடைத்தது. ஊசுட்டேரியைப் புதுச்சேரி அரசு 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

ஆக, வேட்டைக்கென்று செய்த ஸ்கோப்பும் முக்காலியும் நம்மூரில் எண்ணுவதற்கு மட்டுமே. ஒன்று கவனித்தீர்களா? சுடுகிறவனுக்கு ஒரு நொடி அசையாமல் இருந்தால் போதும். எண்ணுகிறவனுக்கு அரை மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும்.

எதை வாங்குவது?

எடையைக் குறைக்க இரண்டு வழி. காலை மெல்லியதாக்கலாம், அல்லது குட்டையாக்கலாம். மலிவு முக்காலிகள் முதல் வழியில் போகின்றன. ஐந்தடி உயரம், குச்சிக் கால். மான் தேடிய ஸ்காட்லாந்துக்காரர் இரண்டாவது வழியில் போனார். எனக்குச் சரியென்று படுவது அவர் வழி: உயரத்தைக் குறை, தடிமனைக் குறைக்காதே.

குழாயின் சுவர் கனம் மாறாமல் விட்டம் இரண்டு மடங்கானால் விறைப்பு சுமார் எட்டு மடங்காகிறது. அதனால் வாங்கும்போது கீழ்க்கடைசித் துண்டின் தடிமனைப் பாருங்கள், முதலில் வளைவது அதுதான். மூன்று துண்டுக் கால் நான்கு துண்டை விட உறுதி. நான்கு துண்டு மடக்கினால் குட்டை, பைக்கில் போகிறவர்களுக்கு வசதி. தரையில் உட்கார்ந்து பார்ப்பதானால் மூன்று, மூன்றரை அடி உயரமே தாராளம். நடுத்தண்டை மேலே தூக்காதீர்கள். தூக்கினால் முக்காலியின் தலையில் ஒற்றைக்காலி ஏறிவிடும்.

எடையை வீட்டிலிருந்து சுமக்கவும் வேண்டாம். நடுத்தண்டின் கொக்கியில் ஒரு மஞ்சப்பையை மாட்டி, உள்ளே தண்ணீர் பாட்டில், நாலு கல் போட்டால் போதும். பை தரையை லேசாகத் தொட வேண்டும். தொங்கினால் அதுவே ஊசலாடி நடுக்கத்தைக் கூட்டும். கடையில் சோதிக்க ஒரு வழி: ஸ்கோப்பை மாட்டி, காலை விரலால் சுண்டிவிட்டு, படம் எத்தனை நொடியில் அடங்குகிறது என்று பாருங்கள். விலைச்சீட்டை அப்புறம் பார்க்கலாம்.

புது முக்காலிக்கு என்னிடம் காசு இல்லை. பிப்ரவரியில் அதே 900 ரூபாய் முக்காலியோடு பாகூர் ஏரிக்குப் போனோம். மெல்லிய துண்டுகளை இழுக்காமல், மேல்துண்டை மட்டும் விரித்து, மஞ்சப்பை மாட்டி, கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். ஒரு நாமக்கோழிக் கூட்டத்தை மூன்று பேரும் தனித்தனியாக எண்ணினோம். 86, 88, 87.

இந்தத் தடவை கோடு போடவில்லை.