படைத்தளக் கட்டுமான, இடிப்புப் பணிகளின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு: அமெரிக்கா

அமெரிக்கப் படைத்தளங்களில் புதிய கட்டடம் எழுப்பவோ பழையதை இடிக்கவோ தொடங்குமுன், அவ்வேலையால் நிலம், நீர், காற்று, உயிரினங்கள், வரலாற்றுச் சின்னங்கள் ஆகியவற்றுக்கு நேரக்கூடிய விளைவுகளை ஆராய்ந்து எழுத்தில் பதிவு செய்யும் நடைமுறையே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எனப்படும். அதிபர் நிக்சன் 1970 சனவரி 1 அன்று கையெழுத்திட்ட தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் இதற்கு அடிப்படையாகும். அது கூட்டரசின் துறைகள் அனைத்தையும் கட்டுப்படுத்துவதால் படைத்துறைக்கும் விலக்கில்லை.

வழக்கமான சிறுவேலைகள், மதிப்பீடு தேவைப்படாத விலக்குப் பட்டியலில் அடங்கும். ஐயத்துக்குரியவற்றுக்குச் சுருக்க மதிப்பீடும், பெருந்தாக்கம் விளைவிப்பனவற்றுக்கு விரிவான தாக்க அறிக்கையும் எழுதப்படும். வேலையை மேற்கொள்ளாமலே விட்டால் நிலைமை என்னவாகும் என்பதும் மாற்று வழிகளுள் ஒன்றாக ஆராயப்பட வேண்டும்.

இடிப்புப் பணியின் வரலாறு இரண்டாம் உலகப்போரின் மரக்கட்டடங்களோடு பிணைந்தது. படைதிரட்டலின்போது அவசரமாக, சில ஆண்டுகளே நிற்கும் என்ற எண்ணத்தில் ஒரே வரைபடப்படி எழுப்பப்பட்ட படைவீரர் விடுதிகளும் உணவுக்கூடங்களும் நாற்பதாண்டு கடந்தும் நின்றமையால், அவற்றை அகற்றுமாறு 1983ஆம் ஆண்டுக்கான சட்டத்தில் நாடாளுமன்றம் பணித்தது. அவை வரலாற்றுச் சின்னங்களாகக் கருதப்படும் வயதை நெருங்கியிருந்தன. எனவே 1986இல், மாதிரிக்குரிய சிலவற்றை வரைபடங்களாலும் ஒளிப்படங்களாலும் ஆவணப்படுத்தியபின் ஏனையவற்றைத் தனித்தனி ஆய்வின்றி இடிக்கலாம் என்ற உடன்பாடு, பாதுகாப்புத் துறைக்கும் வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு அமைப்புகளுக்கும் இடையே ஏற்பட்டது. சிக்கலைத் தீர்த்த இவ்வுடன்பாடு, ஒரு தலைமுறையின் போர்க்கால வாழ்வைச் சுமந்த பல கட்டடங்களைத் தாளளவில் மட்டுமே எஞ்சச் செய்தது என்பது வருந்தத்தக்கது. விஸ்கான்சினின் மெக்காய் தளத்தில் இவ்வகைக் கட்டடங்கள் இன்றும் பல உள்ளன.

பழைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரும், ஈயம் கலந்த வண்ணப்பூச்சும் இருத்தல் கூடும். கல்நாரின் நுண்ணிழைகள் மூச்சோடு நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் உண்டாக்குவதால், இடிப்பதற்குப் பத்து வேலைநாள்களுக்கு முன் அறிவிப்புக் கொடுத்து, பொடியாக உதிரக்கூடிய கல்நார்ப் பொருளை நனைத்து அகற்றிய பின்னரே கட்டடத்தில் கைவைக்க வேண்டும்.

புதுக்கட்டுமானத்திலோ, படைத்துறை இரகசியம் மதிப்பீட்டுக்கு எல்லை வகுத்தது. ஹவாயின் வெஸ்ட் லாக்கில் கடற்படை கட்டிய வெடிபொருள் கிடங்குகள் அணுவாயுதங்களை வைக்க வல்லவை என்பதால், அதற்குரிய தாக்க அறிக்கை வேண்டுமென்று வழக்குத் தொடுக்கப்பட்டது. அணுவாயுதம் வைக்கும் திட்டம் உண்டா என்பதே படைத்துறை இரகசியமாதலின், அத்தகைய அறிக்கையை வற்புறுத்த இயலாதென உச்ச நீதிமன்றம் 1981இல் தீர்ப்பளித்தது. சுற்றுப்புற மக்களின் அறியும் உரிமை இதனால் குறுகியது.

இம்மதிப்பீடுகளை நடத்துவதற்குக் கூட்டரசின் துறைகள் அனைத்துக்கும் ஏறத்தாழ அரைநூற்றாண்டாக இருந்துவந்த பொது வழிகாட்டு விதிகள் 2025இல் நீக்கப்பட்டன. பாதுகாப்புத் துறை தனக்கெனப் புதிய நடைமுறைகளை வகுத்துக்கொண்டுள்ளது.