பன்னிரண்டு அடி-பவுண்டுக்குள் வளர்ந்த கைவினை

விலை குறைந்த ஸ்பிரிங் ஏர்கன் ஒன்றை ஒருவர் வீட்டில் பிரித்துச் சீர்படுத்துகிறார் என்றால், குண்டின் வேகத்தை ஏற்றத்தான் அப்படிச் செய்கிறார் என்று பலரும் எண்ணுகிறார்கள். இந்த வேலை ஆழமாக வேரூன்றிய பிரிட்டனின் வரலாறு அந்த எண்ணத்தைப் பொய்யாக்குகிறது. அங்கே அதை நுட்பமான கைவினையாக வளர்த்தது வேகத்துக்குச் சட்டம் போட்ட எல்லைதான் என்பது என் வாதம். 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தைத் தொடர்ந்து 1969இல் வந்த விதிகள், குழல்வாயில் 12 அடி-பவுண்டுக்கு மேல் ஆற்றல் தரும் காற்று ரைபிளைத் தனிச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாத ஆயுதமாக்கின. கைத்துப்பாக்கிக்கு அந்த எல்லை 6. பன்னிரண்டு அடி-பவுண்டு என்பது 16 ஜூலுக்குச் சற்று மேல், 0.54 கிராம் ஈயக் குண்டு நொடிக்குச் சுமார் 245 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதற்குச் சமம். இந்தியாவின் 2016 ஆயுத விதிகள் வைத்திருக்கும் 20 ஜூல் எல்லை இதைவிடக் கொஞ்சம் தாராளமானது.

பிரிட்டனின் ஸ்பிரிங் ரைபிள் மலிவுப் பொருளாகப் பிறக்கவில்லை. பர்மிங்காம் துப்பாக்கிக் கைவினைஞர் லிங்கன் ஜெஃப்ரீஸ் 1904இல் காப்புரிமை பெற்ற வடிவத்தை, ராணுவத் துப்பாக்கி செய்துவந்த பி.எஸ்.ஏ. தொழிற்சாலை அடுத்த ஆண்டிலிருந்து உற்பத்தி செய்தது. அதில் குழல் அசையாது. அடியிலுள்ள நெம்புகோலை இழுத்து ஸ்பிரிங்கை அழுத்த வேண்டும். உலோக வேலை அவ்வளவு திருத்தமாக இருந்ததால் பிரித்துத் திருத்த வேண்டிய தேவை குறைவு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. ஜெர்மனியின் ராஷ்டாட் நகரில் இயங்கிய டயானா தொழிற்சாலையின் எந்திரங்கள் பிரிட்டனுக்கு வந்து, ஸ்காட்லாந்தின் மதர்வெல்லில் மில்ப்ரோ என்ற பெயரில் குழலை மடக்கி ஏற்றும் சாதாரண ரைபிள்களைத் தயாரித்தன. குறைந்த விலைக்கு வேண்டிய சிக்கனம் முழுவதும் வெளியே தெரியாத இடங்களிலேயே செய்யப்பட்டது. ஸ்பிரிங்குக்கும் அதன் உள்ளே நிற்கும் வழிகாட்டித் தண்டுக்கும் நடுவே தாராள இடைவெளி இருக்கும். துளைகளின் ஓரத்தில் பிசிறு அப்படியே கிடக்கும். ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனின் முகப்பில் தோல் வாஷர். விசையின் கொக்கிகள் மெருகேறாமல் கரகரக்கும். சுட்டவுடன் ஸ்பிரிங் தண்டில் மோதி அதிரும் ஓசைக்கு முதலில் சொன்ன இடைவெளிதான் காரணம்.

அந்த அதிர்வு காதை உறுத்துவதோடு நிற்பதில்லை. பிஸ்டன் முன்னே பாயும்போது ரைபிள் பின்னே தள்ளப்படுகிறது; முன்சுவரில் காற்று மெத்தைமேல் பிஸ்டன் அடங்கும்போது ரைபிள் முன்னே இழுபடுகிறது. பிஸ்டன் தன் ஓட்டத்தின் கடைசிக்கு வரும்வரை குண்டு நகர்வதே இல்லை. ஆகவே குண்டு குழலுக்குள் இருக்கையிலேயே ரைபிள் இருமுறை குலுங்கிவிடுகிறது. இதையெல்லாம் சாதாரண வாசகருக்குப் புரியும்படி எழுதியவர்கள் கார்ட்யூ தந்தையும் மகனும். அவர்கள் நூல் 1976இல் வந்தது. அவர்களின் சோதனைகளில் முக்கியமானது, எச்.டபிள்யூ. 35 ரைபிளை நைட்ரஜனில் வைத்துச் சுட்டது. ஆக்சிஜன் இல்லாத அந்தச் சூழலில் வேகம் வெகுவாக விழுந்தது. அழுத்தத்தில் சூடேறிய காற்றில் பிஸ்டனைச் சுற்றிய எண்ணெய் எரிவதாலேயே வேகத்தில் ஒரு பங்கு வருகிறது என்பது இதனால் உறுதியானது. எண்ணெயை அதிகம் ஊற்றினால் எரிவது வெடிப்பாகிவிடும். ஒரு குண்டு சீறும், அடுத்தது தளரும், ஸ்பிரிங் உடையும். எல்லை இல்லாத நாட்டில் இது வெறும் தொல்லை. பிரிட்டனிலோ வரம்பை ஒட்டி நிற்கும் ரைபிளில் ஒரே ஒரு சீறிய குண்டு, அதன் உரிமையாளரைச் சட்டத்தின் எதிர்ப்பக்கம் நிறுத்திவிடும். அதனால்தான் அங்குள்ள கைவினைஞர்கள் எண்ணெயைக் கைவிட்டு, மாலிப்டினம் டைசல்பைடு கலந்த பசையைத் துளித் துளியாகத் தடவப் பழகினார்கள். நைலான் போன்ற பொருளில் ஸ்பிரிங்குக்கு இறுக்கமாகப் பொருந்தும் தண்டை லேத்தில் கடைந்தார்கள். பிசிறுகளை எமரித் தாளால் எடுத்தார்கள். குரோனோகிராஃபை வைத்து ஒவ்வொரு குண்டின் வேகத்தையும் ஒப்பிட்டார்கள்.

இதற்கு முதல் மறுப்பு நேர்மையானது: மலிவு ரைபிள்களில் பல எல்லைக்கு வெகு கீழேதான் சுட்டன, ஆகவே வீட்டு வேலை அவற்றின் வேகத்தைக் கூட்டியதே? கூட்டியது உண்மை. ஆனால் எப்படிக் கூடியது என்று பார்க்க வேண்டும். காய்ந்த வாஷர் வழியாகவும் குழலின் அடிமூட்டு வழியாகவும் ஒழுகிய காற்றை அடைத்ததில் வந்த வேகம் அது. ரைபிளுக்கு முதலிலேயே சேர வேண்டியிருந்தது. கனத்த ஸ்பிரிங் போட்டு அதற்கு மேல் போகப் பார்த்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் கண்டது, மடக்குவதற்குக் கடினமான, இன்னும் மோசமாகக் குலுங்கும், குறி தவறும் ரைபிளைத்தான்.

இரண்டாம் மறுப்பு இன்னும் வலுவானது. கூட்டாட்சிச் சட்டம் ஆற்றல் எல்லை வைக்காத அமெரிக்காவிலும் 1970களில் இதே கைவினை இருந்தது. கலிபோர்னியாவில் ராபர்ட் பீமன் ஜெர்மன் ரைபிள்களை இறக்குமதி செய்து, நுண்சீர் செய்தும் விற்றார். அப்படியானால் சட்டத்துக்கு என்ன பங்கு? பதில் அதன் பின் நடந்ததில் இருக்கிறது. 1980களிலிருந்து அமெரிக்கச் சந்தை நொடிக்கு 1000 அடி என்ற எண்ணைப் பெட்டிமேல் அச்சிடும் போட்டியில் இறங்கியது. அங்குள்ள சீரமைப்பாளர்களின் உழைப்பில் பெரும்பகுதி அந்த வேகம் கொண்டுவந்த நடுக்கத்தைத் தணிக்கவே செலவானது. பிரிட்டனில் எல்லோரும் ஒரே எண்ணில் நின்றதால், ரைபிளுக்கு ரைபிள் வேறுபாடு மென்மையிலும் சீரிலும் மட்டுமே இருக்க முடிந்தது. 1980இல் சசெக்ஸின் மேகம் டவுனில் தொடங்கிய ஃபீல்டு டார்கெட் போட்டி அந்த வேறுபாட்டை மதிப்பெண்ணாக்கியது: தூரம் சொல்லப்படாத உலோக இலக்கின் சிறு வட்டத்தில் குண்டு பட்டால்தான் அது சாயும். ஜெர்மன் ரைபிள்களைப் பிரித்துச் செம்மையாக்கிய வெனம் போன்ற பட்டறைகள் புகழ்பெற்றது இந்தப் போட்டிக் காலத்தில்தான்.

தொழிற்சாலைகளே ஏன் இதைச் செய்யவில்லை என்று கேட்பவர்களுக்கு, கடைசியில் செய்தன என்பதே விடை. டேவ் தியோபால்டும் பென் டெய்லரும் தொடங்கிய தியோபென் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் ஸ்பிரிங்கையே நீக்கி, அடைத்த வாயுவை வைத்தது. அதிரச் சுருள் இல்லை. ஹெயில்ஷாமின் ஏர் ஆர்ம்ஸ் தன் டி.எக்ஸ். 200 ரைபிளில், பட்டறைக்காரர்கள் கையால் செய்துவந்த இறுக்கமான தண்டையும் பிஸ்டன் தாங்கிகளையும் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பியது. ஆனால் அது விலை உயர்ந்த ரைபிள். பிசிறு எடுக்கவும் தண்டை அளந்து கடையவும் ஆகும் மனித நேரம் மலிவு ரைபிளின் விலைக்குள் அடங்குவதில்லை, அன்றும் இன்றும். முன்கூட்டியே காற்று நிரப்பும் ரைபிள்கள் போட்டிக்களத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்ட பிறகும் ஸ்பிரிங் ரைபிள் வீட்டு மேசையை விட்டு அகலாததற்கு இதுவே காரணம். மாடலுக்கு ஏற்ப முன்பே கடைந்த தண்டும் வாஷரும் இப்போது பொட்டலமாக விற்கின்றன. லேத் இல்லாதவரும் ஸ்பிரிங்கை அடக்கிப் பிடிக்கும் ஒரு கிளாம்பைக் கொண்டு அதைப் பொருத்திவிட முடிகிறது.