பார்சல் காணாமல் போனால் யார் பொறுப்பு? குடோன் ஊழியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

சென்னை:

ராத்திரி 11 மணி. திருப்பூரில் இருந்து வந்த லாரி மாதவரம் குடோன் வாசலில் நிற்கிறது. ரசீதுப்படி 84 பேல் இறங்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 83 தான் இருக்கிறது. டிரைவர் "நான் சரியாத்தான் கொண்டாந்தேன்" என்கிறார். புக்கிங் கிளார்க் "ஏத்தும்போது சரியா இருந்துச்சு" என்று போனில் சொல்கிறார். கடைசியில் சூப்பர்வைசர், "ஷிப்டுல இருந்த எல்லார் சம்பளத்துலயும் பிடிச்சுக்கோ" என்று முடித்துவிடுகிறார்.

இது ஏதோ ஒரு குடோனில் மட்டும் நடப்பது இல்லை. செங்குன்றம் குடோன்கள், பாரிமுனை பார்சல் ஆபீஸ்கள், சேலம், நாமக்கல் லாரி ஷெட்டுகள், இப்போது தெருவுக்குத் தெரு வந்துவிட்ட ஆன்லைன் டெலிவரி குடோன்கள் என எல்லா இடத்திலும் இருக்கிற பிரச்சனைதான். பாதுகாப்பு விதிகளில் ஊழியரின் கடமை எது, கம்பெனியின் பொறுப்பு எது என்று தெரிந்துகொண்டால் பாதி சண்டை குறையும். ஏமாறுவதும் குறையும்.

கேட்டில் சோதனை செய்யலாமா?

செய்யலாம். குறிப்பிட்ட கேட் வழியாகத்தான் வர வேண்டும், போக வேண்டும், சோதனைக்கு உட்பட வேண்டும் என்று நிறுவனத்தின் நிலையாணையில் விதி வைக்க சட்டத்திலேயே இடம் உண்டு. செல்போனை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போகச் சொல்வது, பையைத் திறந்து காட்டச் சொல்வது, அடையாள அட்டை போடச் சொல்வது எல்லாம் இதில் அடங்கும். "என்னைத் திருடன்னு நெனச்சீங்களா" என்று கோபப்பட வேண்டியது இல்லை. மேனேஜர் முதல் லோடுமேன் வரை எல்லோருக்கும் ஒரே மாதிரி சோதனையா என்றுதான் பார்க்க வேண்டும்.

பெண் ஊழியர்களை பெண் செக்யூரிட்டிதான் சோதனை செய்ய வேண்டும். கைது செய்த பெண்ணைச் சோதனை போடுவதாக இருந்தால் போலீசுக்கே சட்டம் அப்படித்தான் சொல்கிறது. செக்யூரிட்டிக்கு மட்டும் விலக்கு கிடையாது. உடை மாற்றும் அறை, கழிப்பறை பக்கம் கேமரா வைப்பது குற்றம்.

செக்யூரிட்டிக்கு என்ன அதிகாரம்?

செக்யூரிட்டி போலீஸ் இல்லை. தனியார் செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்கு 2005-ம் ஆண்டு மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டு வந்தது. அதன்படி ஏஜென்சிக்கு லைசென்ஸ் வேண்டும். காவலாளிக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும், 65 வயது ஆகியிருக்கக் கூடாது. போலீஸ் சரிபார்ப்பும், பயிற்சியும், போட்டோ ஒட்டிய அடையாள அட்டையும் கட்டாயம்.

கண் எதிரே திருடும்போது பிடித்தால் பிடித்து வைக்கலாம். அது எந்தக் குடிமகனுக்கும் உள்ள உரிமைதான். ஆனால் தாமதம் இல்லாமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. வெறும் சந்தேகத்தின் பேரில் ஒருவரை ரூமில் போட்டுப் பூட்டி விசாரிப்பது சட்டவிரோத அடைப்பு. அதற்கு 1 ஆண்டு வரை ஜெயில் உண்டு. அடித்தால் அது தனி வழக்கு.

சீல் வெட்டும் முன் பார்க்க வேண்டியது

பொறுப்பு யார் தலையில் விழும் என்பது பெரும்பாலும் பேப்பரில்தான் முடிவாகிறது. அனுபவசாலிகள் கடைப்பிடிக்கும் வழக்கம் இதுதான்:

* லாரி கதவின் சீல் நம்பரும், சரக்குச் சீட்டில் எழுதிய நம்பரும் ஒன்றா என்று பார்த்த பிறகே சீலை வெட்ட வேண்டும். தனியாக வெட்டக் கூடாது. டிரைவரும் இன்னொரு ஊழியரும் கூட நிற்க வேண்டும்.

* எண்ணிக்கை குறைந்தாலும், பெட்டி உடைந்திருந்தாலும், நனைந்திருந்தாலும் அந்த இடத்திலேயே ரசீதில் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். "காலையில பாத்துக்கலாம்" என்று விட்டால் காலையில் பொறுப்பு உங்களுடையது ஆகிவிடும்.

* ஷிப்ட் மாறும்போது எத்தனை பார்சல் கையில் இருக்கிறது என்று எழுதி, கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சாவிக்கும் இதே விதி.

* உங்கள் ஸ்கேனர் ஐடியை, பாஸ்வேர்டை நண்பருக்குக்கூட கொடுக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் உங்கள் பெயர்தான் நிற்கும்.

* வெளியாள் யார் உள்ளே வந்தாலும் பதிவேட்டில் பெயர், நேரம் எழுத வேண்டும்.

கம்பெனிக்கும் ஒரு வார்த்தை. திருட்டு போகிறது என்று அவசர வழியை வெளியே பூட்டி வைக்கிற பழக்கம் சில குடோன்களில் இருக்கிறது. அட்டைப் பெட்டியும் பிளாஸ்டிக்கும் நிறைந்த இடத்தில் தீப்பிடித்தால் உயிர் போய்விடும். சரக்கைக் காப்பாற்றும் பூட்டு ஆளைக் கொல்லக் கூடாது.

சம்பளத்தில் பிடிக்கலாமா?

இதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. 1936-ம் ஆண்டு சம்பளப் பட்டுவாடா சட்டத்திலேயே இதற்கு பதில் இருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே பதில்தான்.

பிடிக்கலாம், ஆனால் நிபந்தனை உண்டு. அந்தப் பொருள் அந்த ஊழியரின் பொறுப்பில் குறிப்பாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அவருடைய கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக நஷ்டம் வந்திருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன்பு அவரது விளக்கத்தைக் கேட்க வேண்டும். கம்பெனிக்கு ஆன நஷ்டத்தைவிட ஒரு ரூபாய்கூட அதிகம் பிடிக்கக் கூடாது. பிடித்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

ஆக, "யாருன்னு தெரியல, எல்லாரும் சமமா கட்டுங்க" என்பது இந்த நிபந்தனைக்குள் வராது. யார் கையில் ஒப்படைத்தது, யார் தவறு என்பதே தெரியாதபோது யார் சம்பளத்தில் பிடிப்பது?

எல்லாப் பிடித்தமும் சேர்த்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 14 ஆயிரம் ரூபாய் சம்பளம் என்றால் 7 ஆயிரத்துக்கு மேல் பிடிக்க முடியாது. அபராதம் என்பது வேறு கணக்கு. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்கூட்டியே அனுமதி வாங்கி நோட்டீஸ் ஒட்டியிருக்க வேண்டும். அதுவும் சம்பளத்தில் 3 சதவீதம்தான். 14 ஆயிரத்துக்கு 420 ரூபாய். அபராதத்தைத் தவணை முறையில் வசூலிக்கக் கூடாது. தவறு நடந்து 90 நாள் கழித்தும் வசூலிக்கக் கூடாது.

வேலையை விட்டு நீக்கினாலும், நாமே நின்றாலும் பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாளில் கொடுக்க வேண்டும். "பார்சல் கணக்கு முடியட்டும்" என்று மாதக் கணக்கில் இழுக்க முடியாது.

வாடிக்கையாளருக்கு எவ்வளவு?

சாலை வழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-ல் வந்து, 2011 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. பார்சல் தொலைந்தால் வாடிக்கையாளருக்கு பதில் சொல்ல வேண்டியது கம்பெனிதான். ஊழியர் திருடியிருந்தாலும் கம்பெனி தப்ப முடியாது. அனுப்பியவர் கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்கான கட்டணம் கட்டாமல் இருந்தால், இழப்பீடு சரக்குக் கட்டணத்தைப் போல 10 மடங்குதான். 200 ரூபாய் கட்டி அனுப்பிய பார்சலுக்கு 2 ஆயிரம் ரூபாய். வழக்குப் போடும் முன் 180 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

இதை ஊழியர்களும் மனதில் வைக்க வேண்டும். கம்பெனி வாடிக்கையாளருக்கு 2 ஆயிரம் கொடுத்துவிட்டு உங்களிடம் 20 ஆயிரம் கேட்டால், "உங்களுக்கு ஆன நஷ்டம் எவ்வளவு, கணக்கைக் காட்டுங்க" என்று கேட்கலாம்.

"எழுதிக் கொடு" என்றால்...

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். "எழுதிக் குடுத்துட்டுப் போ, போலீசுக்குப் போக மாட்டோம்" என்பார்கள். செய்யாத தவறை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்காதீர்கள். வெற்றுப் பேப்பரில் கையெழுத்தே போடாதீர்கள். மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கிய ஒப்புதல் குற்ற வழக்கில் எடுபடாது என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. ஆனால் அது மிரட்டி வாங்கியது என்று நிரூபிக்க அலைய வேண்டியது நீங்கள்தான். மெமோ கொடுத்தால் வாங்கிக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதி பதில் கொடுங்கள். ஒரு காப்பி கையில் இருக்கட்டும்.

தெரிந்தே செய்தால் தப்ப முடியாது

ஊழியரே திருடினால் சாதாரணத் திருட்டு இல்லை. முதலாளியின் பொருளை வேலைக்காரர் திருடுவதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 306-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை ஜெயில். நம்பி ஒப்படைத்த பொருளை, வசூல் பணத்தை சுருட்டினாலும் 7 ஆண்டு வரைதான். ஒரு செல்போனுக்கு ஆசைப்பட்டு பெட்டியில் சோப்புக்கட்டி வைத்து ஒட்டி அனுப்புகிறவர், கேமராவும் எடை மெஷினும் காட்டிக் கொடுக்கும் என்பதை மறந்துவிடுகிறார். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கியவருக்கும் வழக்கு உண்டு.

பட்டாசு, கஞ்சா பார்சல் வந்தால்...

தீபாவளி நேரத்தில் துணி என்று எழுதி பட்டாசு பார்சல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆன்லைனில் பட்டாசு விற்க சுப்ரீம் கோர்ட்டு 2018 அக்டோபரில் தடை போட்டது. வெடிமருந்து வாசம் வந்தாலோ, கசிந்தாலோ அந்த பார்சலை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைத்து மேனேஜரிடம் சொல்ல வேண்டும். கஞ்சா, குட்கா சந்தேகம் வந்தாலும் நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டாம். பிரித்தவர் கைரேகைதான் அதில் இருக்கும். போலீசுக்குத் தகவல் கொடுங்கள். போதைப் பொருள் புகாருக்கு 10581, அவசரத்துக்கு 112.

டெலிவரி தம்பிகள் கவனத்துக்கு

வாடிக்கையாளர் தரும் ஓ.டி.பி.யை பொருளைக் கையில் கொடுக்கும்போது மட்டும் போடுங்கள். வசூல் பணத்தை அன்றைக்கே கட்டி ரசீதோ மெசேஜோ வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்டருக்கு இவ்வளவு என்று வேலை பார்ப்பவர்களை கம்பெனிகள் ஊழியர் என்று சொல்வதில்லை, "பார்ட்னர்" என்கிறார்கள். அதனால் சேரும்போதே ஒப்பந்தத்தில் பிடித்தம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். இவர்களுக்காகத் தமிழக அரசு 2023-ல் தனி நல வாரியம் அமைத்தது. அதில் பதிவு செய்துகொள்வது நல்லது.

எங்கே போய் கேட்பது?

நியாயம் இல்லாமல் சம்பளத்தைப் பிடித்தால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். பிடித்த நாளில் இருந்து 3 ஆண்டுக்குள் கேட்க வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லாத தொழிலாளர்களுக்கு கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். போன் நம்பர் 15100.

சம்பளச் சீட்டு, ஷிப்ட் பதிவு, கையெழுத்து வாங்கிய ரசீதின் போட்டோ. இந்த மூன்றும் கையில் இருந்தால் அந்த 84-வது பேலுக்கு நீங்கள் பயப்பட வேண்டியது இல்லை.