ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் நீர்வழிகள்

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்பது தன்னார்வலர்கள் கூட்டாக உருவாக்கும் கட்டற்ற உலக நிலப்படத் திட்டம் ஆகும். இது 2004 இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவரால் தொடங்கப்பட்டது. பெயரில் தெரு இருப்பினும் ஆறு, ஓடை, கால்வாய், வடிகால் ஆகியவையும் இதில் இடம்பெறுகின்றன.

ஒவ்வொரு நீர்வழியும் நீர் பாயும் திசையிலேயே கோடாக வரையப்படல் வேண்டும். இதற்கெனத் தனியாக அம்புக்குறி இடப்படுவதில்லை. கோட்டின் தொடக்கமும் முடிவுமே திசையைக் காட்டும். சாலைக்கு அடியில் குழாய் வழியே செல்லும் பகுதியும் விடுபடலாகாது. ஒரு துண்டு திசை மாறினாலோ அறுபட்டாலோ, மேலே கலந்த கழிவு கீழே எவ்வூரை அடையும் என்பதைக் கணினியால் பின்தொடர இயலாது.

பல கோடுகள் செய்மதிப் படங்களைப் பார்த்தே வரையப்படுகின்றன. எனினும் சிற்றோடைகள் மரங்களின் கீழ் மறைந்துவிடும். கோடையில் வறண்ட ஓடை வண்டித்தடம் போலத் தோன்றும். அதனை மழைக்காலத்தில் கண்ட உள்ளூரார் ஓடையென உறுதிப்படுத்த இயலும். இத்தகையவற்றுக்கு, ஆண்டு முழுதும் நீர் ஓடாதவை எனக் குறிக்கும் குறிச்சொல் இடப்படுகிறது. வறண்டது என்று விட்டுவிட்டால், அடுத்த வெள்ளம் வரும் வழி நிலப்படத்தில் இராது.

பதிப்புரிமை உள்ள நிலப்படங்களில் இருந்து படியெடுத்தல் கூடாது. 2012 முதல் இத்தரவுகள் திறந்த தரவுத்தள உரிமத்தின் கீழ் வழங்கப்படுகின்றன.