சிறுகோள் மறைப்பும் வானியல் ஆர்வலர்களும்: ஒரு வரலாறு

சிறுகோள் ஒன்று தொலைவிலுள்ள விண்மீனுக்கும் நமக்கும் நடுவே கடந்து செல்லும்போது, அந்த விண்மீன் சில நொடிகள் மறைந்து மீண்டும் தோன்றும். இதுவே சிறுகோள் மறைப்பு எனப்படும். அந்த நொடிகளைத் துல்லியமாக அளந்தால் சிறுகோளின் அளவையும் வடிவத்தையும் அறியலாம். இப்பணியில் பெரும்பங்கு ஆற்றியவர்கள், இதைத் தொழிலாகக் கொள்ளாமல் சொந்தத் தொலைநோக்கியுடன் இரவில் காத்திருக்கும் வானியல் ஆர்வலர்களே. தனியொருவர் கண்ட காட்சி எவ்வாறு அறிவியல் சான்றாக மாறியது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

நிழலும் நாணும்

இன்று குறுங்கோள் என வகைப்படுத்தப்படும் சீரிஸ்தான் முதலில் அறியப்பட்ட சிறுகோள். 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோ நகரில் ஜியூசெப்பே பியாசி அதைக் கண்டார். அதன்பின் கண்டறியப்பட்ட சிறுகோள்களில் பெரும்பாலானவை தொலைநோக்கியிலும் வெறும் ஒளிப்புள்ளிகளாகவே தெரிகின்றன. அவற்றை நேரில் பார்த்து அளக்க இயலாது.

ஆனால் நிழலை அளக்கலாம். விண்மீன் மிகத் தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் ஏறத்தாழ இணையாக வந்து சேர்கின்றன. எனவே சிறுகோளின் நிழல், சிறுகோள் எவ்வளவு பெரிதோ ஏறக்குறைய அதே அளவில் புவியைக் கடக்கிறது. நிழல் நொடிக்கு 10 கி.மீ. வேகத்தில் நகர்கிறது எனக் கொள்வோம். ஓர் ஊரில் விண்மீன் 8 நொடிகள் மறைந்திருந்தால், அவ்வூரைக் கடந்த நிழலின் நீளம் 80 கி.மீ. ஆகும். வடிவியலில் இது ஒரு நாண். ஒரே நாணைக் கொண்டு உருவத்தை வரைய முடியாது. நிழற்பாதைக்குக் குறுக்கே பல ஊர்களில் பலர் நின்று பல நாண்களை அளந்தால், அவற்றின் முனைகளை இணைத்துச் சிறுகோளின் புறவடிவத்தை வரையலாம்.

பாதையின் ஓரத்தில் நின்று “விண்மீன் மறையவில்லை” எனப் பதிவு செய்தவரின் அறிக்கையும் பயனுள்ளதே. சிறுகோளின் விளிம்பு அந்த இடம்வரை எட்டவில்லை என்பதை அது உறுதி செய்கிறது. எவ்வளவு பெரிய ஆய்வகமானாலும் ஓரிடத்தில்தான் நிற்கும். பல இடங்களில் பரவி நிற்கும் சிறு தொலைநோக்கிகளின் வலிமை இங்கேதான் வெளிப்படுகிறது.

தொடக்க காலம்

1952-ஆம் ஆண்டு முதல் பிரிட்டனைச் சேர்ந்த கார்டன் டெய்லர் இத்தகைய மறைப்புகளை முன்கூட்டியே கணித்து அறிவிக்கத் தொடங்கினார். 1958 பிப்ரவரி 19 அன்று ஜூனோ என்ற சிறுகோள் ஒரு விண்மீனை மறைத்ததை, சுவீடனின் மால்மோ நகரில் இருவர் கண்டு பதிவு செய்தனர்.

கணிப்பதுதான் கடினமாக இருந்தது. சிறுகோள் 30 கோடி கி.மீ. தொலைவில் இருப்பதாகக் கொண்டால், ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு பிழைகூட நிழலை ஏறத்தாழ 1,450 கி.மீ. தள்ளிவிடும். சென்னைக்கு எனக் கணித்த நிழல் குவாலியருக்குப் போய்விடும். எனவே பல இரவுகளில் காத்திருந்தும் எதுவும் காணாமல் திரும்புவதே வழக்கமாக இருந்தது.

இந்திய ஆய்வகங்களும் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. 1961-இல் பல்லஸ் சிறுகோள் நிகழ்த்திய மறைப்பை நைனிடால் ஆய்வகத்தினர் ஒளிமானி கொண்டு அளந்தனர். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை நெருங்கிய வேளையில், அவ்விண்மீனின் ஒளி சிலமுறை குறைந்ததைத் தமிழ்நாட்டின் காவலூரிலும் பதிவு செய்தனர். பறக்கும் ஆய்வகம் உட்பட வேறு இடங்களிலும் பதிவுகள் கிடைத்ததால் யுரேனசின் வளையங்கள் உறுதியாயின.

ஆர்வலர்கள் அணி திரளுதல்

1975 ஜனவரி 23 இரவு, ஈரோஸ் என்ற சிறுகோள் மிதுன விண்மீன் குழுவில் வெறும் கண்ணுக்கே தெரியும் ஒரு விண்மீனை மறைத்தது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஆர்வலர்கள் வெவ்வேறு ஊர்களில் நின்று அதைக் கண்டனர். அதே காலத்தில் டேவிட் டன்ஹாமின் முயற்சியால் பன்னாட்டு மறைப்புக் காலக்கணிப்புச் சங்கம் உருவானது. 1983 மே 29 அன்று பல்லஸ் நிகழ்த்திய மறைப்பை அமெரிக்காவின் தென்பகுதியிலும் வட மெக்சிகோவிலும் ஏறத்தாழ 130 இடங்களில் பதிவு செய்தனர். பல்லசின் புறவடிவம் அதனால் தெளிவாகக் கிடைத்தது.

அக்காலக் கருவிகள் எளியவை. சிற்றலை வானொலியில் ஒலிக்கும் நேரக்குறியை நாடாப் பதிவுக் கருவியில் பதிவு செய்துகொண்டே, விண்மீன் மறையும்போதும் தோன்றும்போதும் ஆர்வலர் குரல் கொடுப்பார். கண் கண்டதை வாய் சொல்வதற்குள் சிறிது நேரம் கழிந்துவிடும். நிழல் நொடிக்கு 10 கி.மீ. வேகத்தில் சென்றால், அரை நொடித் தாமதம் 5 கி.மீ. பிழையாகிவிடும்.

ஹெர்குலினா தந்த பாடம்

1978 ஜூன் 7 அன்று ஹெர்குலினா நிகழ்த்திய மறைப்பின்போது, முதன்மை மறைப்புக்குப் புறம்பாக ஒரு சிறு மறைப்பையும் கண்டதாக அமெரிக்க ஆர்வலர் ஒருவர் அறிவித்தார். ஒளிமானிப் பதிவு ஒன்றும் அதனுடன் ஒத்திருப்பதாகக் கருதப்பட்டது. சிறுகோளுக்கும் துணைக்கோள் உண்டா என்ற விவாதம் எழுந்தது. 1993-இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி தேடியபோது ஹெர்குலினாவுக்கு அருகில் எதுவும் தென்படவில்லை. ஆனால் அதே ஆண்டு கலிலியோ விண்கலம் எடுத்த படங்களில் ஐடா என்ற வேறொரு சிறுகோளுக்குத் துணைக்கோள் இருப்பது தெரியவந்தது. கருத்தில் பிழையில்லை, ஹெர்குலினாவைப் பொறுத்தவரை கிடைத்த சான்றுதான் போதவில்லை.

பின்னர் வீடியோ கேமராக்கள் வந்தன. ஜிபிஎஸ் நேரத்தை ஒவ்வொரு படச் சட்டத்திலும் பொறிக்கும் கருவியும் ஆர்வலர்களின் கைக்கு எட்டியது. இப்போது ஒருவரின் பதிவை எத்தனை பேர் வேண்டுமானாலும் மீண்டும் ஓட்டிப் பார்த்துச் சரிபார்க்கலாம். ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் தந்த விண்மீன் பட்டியல் 1997-இல் வெளிவந்தது. 2013-இல் ஏவப்பட்ட கையா விண்கலம் விண்மீன்களின் இடங்களை மேலும் பன்மடங்கு துல்லியமாக அளந்தது. நிழல் விழும் இடத்தை இப்போது நம்பிக்கையுடன் சொல்ல முடிகிறது.

மேகம் மட்டும் இன்றும் கணிப்புக்குக் கட்டுப்படவில்லை. 2014 மார்ச் 20 அன்று மகம் விண்மீனை எரிகோன் சிறுகோள் மறைக்கும் காட்சிக்காக நியூயார்க் பகுதியில் பலர் ஆயத்தமாக இருந்தனர். வானம் மூடிக்கொண்டதால் மறைப்பு காணப்படாமலே போனது.

பாலிமெலி

2022 மார்ச் 27 அன்று நிகழவிருந்த மறைப்புக்காக, நாசாவின் லூசி விண்கலத் திட்டத்தினர் தொழில்முறை வானியலாளர்களும் ஆர்வலர்களும் அடங்கிய 26 குழுக்களை நிழற்பாதையில் நிறுத்தினர். லூசி பின்னாளில் கடந்து செல்லவுள்ள பாலிமெலி என்ற சிறுகோளை அளப்பதே நோக்கம். 14 குழுக்கள் விண்மீன் மறைந்ததைப் பதிவு செய்தன. அவற்றுள் இரண்டு பதிவுகள் மட்டும் மற்றவற்றுடன் பொருந்தவில்லை. ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 27 கி.மீ. நீளமுள்ள பாலிமெலியிலிருந்து சுமார் 200 கி.மீ. தள்ளி ஏறத்தாழ 5 கி.மீ. அளவுள்ள ஒரு துணைக்கோள் இருப்பது தெரிந்தது.

1978-இலும் 2022-இலும் கேள்வி ஒன்றே. முன்னதில் சான்று தேறவில்லை. பின்னதில் ஒவ்வொரு குழுவின் இடமும் நேரமும் துல்லியமாகப் பதிவாகியிருந்ததால், மாறுபட்ட இரு பதிவுகளைப் பிழை என ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. 2027 செப்டம்பரில் லூசி பாலிமெலியைக் கடக்கும் எனத் திட்டமிடப்பட்டுள்ளது. அது எடுக்கும் படங்களை, புவியில் நின்று அந்தக் குழுக்கள் அளந்த நாண்களோடு அப்போது நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.