பல் சிகிச்சைக்குப் பின் பல் கறுப்பது ஏன்? வெண்மையாக்கும் முன் அறிய வேண்டியவை

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கங்களிலும் நிக்காஹ் பேச்சு தொடங்கியதும் பல வீடுகளில் எழும் கவலை, பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ முன்பல் ஒன்று கறுத்திருப்பது. சிறு வயதில் அடிபட்டு, ரூட் கேனால் எனப்படும் வேர் சிகிச்சை செய்த பல்லாகவே அது பெரும்பாலும் இருக்கும். உடனே கடையில் கிடைக்கும் வெண்மைப் பொடியைத் தேடுகிறோம். காரணம் பல்லின் உள்ளே இருக்கும்போது வெளியே தேய்ப்பதால் பயனில்லை.

சிகிச்சைப் பொருட்களால் வரும் கறை

பழைய வெள்ளி அடைப்பான அமால்கத்தில் ஏறத்தாழ பாதி பாதரசம். மீதி வெள்ளி, தகரம், செம்பு. நாளடைவில் அது அரிந்து வரும் உலோகப் பொருட்கள் பல்லின் நுண்குழாய்களில் இறங்கிச் சாம்பல் நிறம் தரும். இந்தக் கறையை வெளுப்பது கடினம்.

வேர் சிகிச்சையில் பல்லின் தலைப்பகுதியில் இரத்தமோ, அடைக்கும் பசையோ தங்கினாலும் பல் கறுக்கும். 1990களில் வந்த எம்.டி.ஏ. என்ற நல்ல மருந்துப் பொருளிலும் பிஸ்மத் ஆக்சைடு இருப்பதால் நிறம் மாறலாம். எனவே முன்பல்லுக்குச் சிகிச்சை என்றால், "கறை படாத பொருள் உண்டா?" என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்பது நம் உரிமை.

குளோர்ஹெக்சிடின் வாய்கொப்பளிப்பு மருந்தை நெடுநாள் பயன்படுத்தினால் பழுப்புக் கறை வரும். வெற்றிலை, தேநீர்க் கறை போல இதுவும் மேலோட்டமானதே. பல் சுத்தம் செய்தால் போய்விடும். நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்த ஊர்களில் சிறுவயதிலேயே படியும் கறை வேறு வகை.

வெண்மையாக்குதல்

வெளியிலிருந்து வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு, கார்பமைடு பெராக்சைடு பயன்படுகின்றன. 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு சுமார் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். வேர் சிகிச்சை செய்த பல்லுக்கு உள்ளே மருந்து வைத்துச் சில நாள் மூடிவிடும் முறை உண்டு. அடர்த்தியான மருந்தை உள்ளே வைத்துச் சூடேற்றினால் வேர் அரிக்கப்படும் அபாயம் உண்டு. ஆகவே தகுதி பெற்ற பல் மருத்துவரே செய்ய வேண்டும்.

நினைவிருக்கட்டும்: அடைப்பும் செயற்கைப் பல் உறையும் வெளுக்காது. வெளுத்த பின் புது அடைப்பு வைக்கச் சுமார் 2 வாரம் பொறுக்க வேண்டும். சில நாள் பல்கூச்சம் இருக்கலாம். கருவுற்ற பெண்களும் சிறுவர்களும் தவிர்ப்பது நல்லது. எலுமிச்சையும் உப்பும், கரித்தூளும் பல்லின் எனாமலைத் தேய்த்துவிடும். தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது.

அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவதை நபிமொழி கண்டிக்கிறது. சிகிச்சையால் வந்த கறையை நீக்குவது அதிலிருந்து வேறுபட்டது. ஐயமிருந்தால் உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். ரமளானில் மருந்தை இரவில் வைத்துக்கொண்டு, ஸஹருக்கு முன் வாயைக் கழுவிவிடுவது எளிது.

ஒரு பல்லின் நிறத்தைப் பார்த்து ஒரு பிள்ளையை மதிப்பிடாமல் இருப்பதும் நம் பொறுப்பே. அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக.